செம்பு என்று சொல்லித் தந்த வெல்டிங் மிஷின்

அப்பா,

மிஷினின் மூடியைக் கழற்றியபோது எங்கள் மாடி வீட்டுக் கேலரியில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், குவைத்திலிருந்து லீவுக்கு வந்திருக்கும் அண்ணன், வஹினி, அதாவது அண்ணி, என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு மராட்டிக்காரி, கிர்க்கி பஜாரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் காகா. இருக்க வேண்டியவர் நீங்கள். இல்லை.

மூடி வந்ததும் பழைய ஆயில் வாடை வீடு முழுக்கப் பரவியது. நீங்கள் டூட்டி முடிந்து வந்து, டீயைக் குடித்துவிட்டு, ஔந்த் பங்களாக்காரர்களுக்கு ஜன்னல் கிரில் அடிக்க உட்காரும்போது உங்கள் காக்கிச் சட்டையில் வீசும் அதே வாடை. நீங்கள் போய் மூன்று கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்தக் கண்ணீருக்காக வெட்கப்படப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

பேச்சை ஆரம்பித்தது அண்ணன்தான். "ஏட்டி, இப்பம் கையில தூக்குற மாதிரி மிஷினு வந்துட்டு. இந்தப் பீப்பாயக் கட்டிக்கிட்டு எதுக்கு அழுத? உள்ள செம்பு இருக்கு. பங்கார்ல போட்டா நல்ல விலை வரும்." பழைய இரும்பு எடுக்கிற பங்கார்வாலா, உள்ளே என்ன சுற்றியிருக்கிறது என்று பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன் என்றான். அதனால்தான் காகாவைக் கூப்பிட்டோம்.

காகா கம்பிச் சுற்றை, அது சூடாகாமலிருக்க ஊற்றியிருந்த ஆயிலிலிருந்து தூக்கி, பேனாக்கத்தியால் ஓரிடத்தில் வார்னிஷைச் சுரண்டினார். செம்பாக இருந்தால் சிவப்பாகத் தெரியும். வெள்ளையாகத் தெரிந்தது.

"ஹ்யாத் தாம்ப நாஹி, தாயி," என்றார். இதில் செம்பு இல்லை. சொல்லிவிட்டு, எங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே என்பதுபோல் கையைத் துடைத்துக்கொண்டே மீதியையும் மராட்டியில் சொன்னார். அலுமினியம் சுற்றியது அவர்தானாம், சுற்றைப் பார்த்ததும்தான் நினைவு வந்ததாம். கொண்டுவந்தது நீங்களாம். மகனைக் குவைத்துக்கு அனுப்ப ஏஜென்ட் நெருக்குகிறான், செம்பை எடுத்துக்கொண்டு அலுமினியம் போட்டுக் கொடு என்றீர்களாம். அலுமினியம் சீக்கிரம் கொதித்துவிடும் என்று அவர் அப்போதே உங்களிடம் சொன்னாராம்.

"எப்போது?" என்று கேட்டேன்.

"உன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்."

அண்ணனைப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. "எனக்குத் தெரியாதுட்டி. வேதத்து மேல சத்தியமா." அவன் பொய் சொன்னால் இடது கண் துடிக்கும். துடிக்கவில்லை. ஆக, நம் வீட்டில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

என் கல்யாணத்தன்று குவார்ட்டர்ஸ் முற்றத்தில் நின்றீர்களே, நினைவிருக்கிறதா? கழுத்தில் ஒற்றைச் செயினோடு நின்ற என்னைப் பார்த்து என் மாமியார் உதட்டைச் சுளித்தார். நீங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, மாலை போட்டு வைத்திருந்த மிஷின்மேல் கை வைத்தீர்கள். "உள்ள அம்புட்டும் சுத்தச் செம்பு. இதான் எம்பிள்ளைக்கு நகை. கஷ்டம் வந்தா இது காப்பாத்தும்," என்று சொல்லி, கண்ணை மூடி ஜெபமும் பண்ணினீர்கள். நானும் ஆமென் சொன்னேன்.

மகனுக்காக மகளின் நகையை எடுக்கிற தகப்பன் உலகத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமில்லை. அதை ஒரு ஓரமாக வைத்துவிடலாம். அண்ணன் அனுப்பிய பணத்தில்தான் அம்மாவுக்கு வைத்தியம் நடந்தது. அதையும் நான் மறக்கவில்லை. என்னைத் தின்பது வேறு.

நீங்கள் எனக்கு வெல்டிங் கற்றுத் தரவில்லை. அண்ணன் முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தீர்கள். ஆறின பிறகு கசடைச் சுத்தியலால் தட்டி எடுப்பதுதான் எனக்கு. "பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணு முக்கியம், அங்கிட்டுத் திரும்பு," என்பீர்கள். திரும்பிக்கொண்டே காதால் கற்றேன். உருகுகிற வெல்டிங் ராடு சரியாக ஓடும்போது எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். கல்யாணமாகி, இந்த வீட்டுக் கேலரிக் கம்பி துருப்பிடித்து விட்டுப்போய், வீட்டுச் சொந்தக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தபோது, குழந்தை விழுந்துவிடுமே என்ற பயத்தில் நானே ஹோல்டரைப் பிடித்தேன். ராடு ஒட்டிக்கொண்டது, திரும்பப் பிடித்தேன். பக்கத்து வீடுகளில் பல்பெல்லாம் மங்கியது. "வஹினி, உன் மிஷின் ஓடினால் என் ரேடியோ அழுகிறது," என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள்; அவளும் என்னை வஹினி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் கம்பி நின்றது.

ஒரே குறை. இரண்டு ராடு ஓடினால் மிஷின் கொதிக்கும், ஆயில் கருகுகிற வாடை வரும். ஒரு ஈஸ்டர் லீவில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஏன் என்று கேட்டேன். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்தீர்கள். மிஷின்மேல் கையை வைத்தீர்கள், எடுத்தீர்கள்.

"ஒங்கை நடுங்குதும்மா. கை நடுங்குனா மிஷினு சூடாகும். இது பொம்பளக் கைக்கு வராது."

நான் நம்பினேன். வருஷக்கணக்காக நம்பினேன். அரிசி களையும்போது விரல்களைப் பார்ப்பேன், நடுங்குகிறதா என்று. வஹினியின் தங்கை வீட்டுக்கு இரும்பு கேட் அடித்துத் தரச் சொன்னார்கள், அடுத்த தெருவில் ஒருவர் மாடிப்படிக் கைப்பிடி கேட்டார். எல்லாருக்கும் என் கை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக் கணக்கை ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் எழுதுகிற இந்தக் கைக்காக, ஆண்டவரே இதை நடுங்காமல் நிறுத்தும் என்று முழங்காலில் நின்று கேட்டேன். கோளாறே இல்லாத கையைக் குணமாக்கச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

உங்கள் கல்லறையில் நிற்கிற இரும்புச் சிலுவை நான் அடித்தது. இந்த அலுமினிய மிஷினில்தான். இரண்டு ராடு, பிறகு ஆறுகிறவரை காத்திருப்பு, மறுபடி இரண்டு ராடு. போன மழைக்கும் அது அசையவில்லை. அதை அடித்தபோதும் என் கையைத்தான் நொந்துகொண்டேன். இன்றைக்கும் எதைச் சூடாகத் தொட்டாலும், இஸ்திரிப் பெட்டியானாலும் குக்கரானாலும், தப்பு என் கையில்தான் என்று முதலில் தோன்றுகிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனதில் உள்ளே வைத்துச் சுற்றியது அதுதான்.

சுற்றை ஆயிலில் இறக்கி மூடியைப் போட்டுவிட்டுக் காகா கேட்டார்: புதுச் செம்பு போட்டுச் சுற்றித் தரவா, இல்லை பங்காருக்கே போகட்டுமா? வியாழக்கிழமை கரண்ட் கட், கடைக்கு லீவு, அன்றைக்கு வந்து முடிவைக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்காரர், "உன் இஷ்டம்," என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். அண்ணன் செலவை நான் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மாதாமாதம் ஒதுக்கினால் என்னால் முடியும். முடியுமா என்பதல்ல என் கேள்வி.

அந்த ஈஸ்டர் லீவில், மிஷின்மேல் கை வைத்து எடுத்தீர்களே, அந்த நிமிஷம் அலுமினியம் உங்கள் நினைவுக்கு வந்ததா, இல்லையா? மறந்துபோய் அப்படிச் சொல்லியிருந்தால் செம்பு சுற்றி வைத்துக்கொள்வேன், அந்த கேட் வேலையையும் கேட்டு வாங்குவேன். நினைவிருந்தும் சொன்னீர்கள் என்றால், அது இந்த வீட்டில் ஒரு நாளும் இருக்க வேண்டாம்.

வியாழக்கிழமை காலையில் காகா வந்துவிடுவார். அதற்குள் பதில் சொல்லுங்கள், அப்பா.