அந்தக் கோலை விட்டது நீ இல்லை, மச்சான்

என்ரை மச்சான் சிவபாதம்,

நீ போய் நாலு மாசம். நான் இன்னும் அழேல்லை. மகள் என்ரை முகத்தைப் பார்க்கிறாள், ஒண்டும் கேக்கிறாளில்லை. விடிய எழும்புறன், தேத்தண்ணி குடிக்கிறன், பத்து மணிக்கு ரெலிபோனைப் பார்க்கிறன். அந்த நேரத்துக்கு எடுக்கிறவன் நீதானே. பேந்து யன்னலாலை பஸ் போறதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். அவ்வளவுதான்.

எனக்கு எழுத்துத் தெரியாதெண்டு உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுறாள். இதைப் பழைய மாணவர் சங்கத்தின்ரை மலரிலை போடக் குடுக்கப் போறன். எல்லாரும் வாசிப்பினம். வாசிக்கட்டும்.

முதலிலை புதினத்தைக் கேள். போன ஞாயிறு பின்னேரம் பார்க் எக்ஸ்டென்ஷனிலை சங்கக் கூட்டம். கடைக்கு மேலை இருக்கிற அதே மண்டபம்தான். சித்திரை பிறந்தும் பனி முழுக்கக் கரையேல்லை, எல்லாற்றை சப்பாத்தும் வாசலிலை ஈரமாய்க் கிடந்தது. ஊரிலை கல்லூரியின்ரை உதைபந்தாட்ட அணி இந்த முறையும் முதல் சுற்றிலேயே தோத்துப்போச்சு. பிறகென்ன, ரோல்ஸைக் கடிச்சுக்கொண்டு எல்லாரும் பயிற்சியாளராகிவிட்டினம்.

"எங்கடை பஸ் வாறதைக் கண்டாலே மற்றப் பள்ளிக்கூடங்களுக்குப் பாதி உயிர் போயிடும்," எண்டார் தலைவர், எங்கடை பல் டொக்டர்.

"டொக்டர், உங்கடை காலத்திலை ஏது பஸ்? சைக்கிளிலை டபிள் ஏறியெல்லோ போனனீங்கள்!" எண்டு ஒரு குரல்.

"போடாப்பா. அஞ்சு வருசத்திலை அகில இலங்கைக் கிண்ணம் எடுக்கிறம். பிரேசிலிலை இருந்து ஒரு பயிற்சியாளரை இறக்குவம்."

"இறக்குங்கோ, இறக்குங்கோ. சோளகக் காத்து பந்தோடை சேர்த்து அவனையும் கடலுக்கை கொண்டுபோய்ப் போடும்."

நான் வழமைபோலப் பின் கதிரையிலை. வாசிக்கிறவைக்காகச் சொல்லுறன்: நான் அந்தக் கல்லூரியிலை படிச்சவனில்லை. மைதானத்துக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையிலை ஒட்டுப் போட்டவன். கல்லூரிப் பந்துகளுக்குக் காத்தடிக்கிறதும் நான்தான். படிச்சவையெல்லாம் மறந்துபோச்சினம், எனக்கு ஒண்டும் மறக்காது. அதாலை என்னைக் கூப்பிடுவினம். "அண்ணை, அந்த வருசம் ஆர் கப்டன்?" நான் சொல்லுவன். "ஆர் அடிச்சது?" அதையும் சொல்லுவன். எந்தக் காலாலை எண்டும் சொல்லுவன்.

பிறகு டொக்டர் உன்ரை பேரை எடுத்தார். கோடையிலை பார்க்கிலை நடக்கிற போட்டியிலை சிறந்த கோல்காப்பாளருக்கு ஒரு கிண்ணம், சிவபாதம் நினைவுக் கிண்ணம் எண்டு பேர் வைப்பம் எண்டார்.

யோகேஸ் எழும்பினான். ஐம்பது வருசத்துக்கு முந்தி நீ கோல் காத்து, நாங்கள் தோத்த அந்த இறுதியாட்டம் நடக்கேக்கை அவனுக்கு எட்டு வயசு. "கோலை விட்ட மனிசன்ரை பேரிலை கோல்காப்பாளர் கிண்ணமோ? ஆமையின்ரை பேரிலை ஓட்டப்போட்டி வைக்கிற மாதிரியெல்லோ இருக்கு!"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. டொக்டரும் சிரிச்சார், பேந்து வாயைப் பொத்தினார். "அண்டைக்கு ஒண்டு-சைபரிலை சறுக்கினதுதான் கல்லூரி, இன்னும் எழும்பேல்லை," எண்டு ஒருத்தர். ஐம்பது வருசத் தோல்வி முழுவதையும் உன்ரை தலையிலை கட்டிச்சினம்.

யோகேஸ் என்னட்டைத் திரும்பினான். "அண்ணை, நீங்கள் கம்பத்துக்குப் பின்னாலை நிண்டனீங்கள்தானே. சொல்லுங்கோ, அது பிடிக்கக்கூடின பந்தோ, இல்லையோ?"

"ஓம்," எண்டன். "பிடிக்கக்கூடினதுதான்."

பொய் இல்லை மச்சான். ஆனா அதோடை நிப்பாட்டிப்போட்டன். யோகேஸ் கையை விரிச்சான், "முடிஞ்சுது" எண்டான். டொக்டர் மனமில்லாமல், வாற ஞாயிறு வாக்கெடுப்பம் எண்டு தள்ளிவைச்சார். எனக்கு ஒருத்தன் வடை கொண்டுவந்து தந்தான். திண்டன்.

மிச்சத்தை இஞ்சை சொல்லுறன். எங்கடை மைதானத்திலை கோல்காப்பாளருக்குப் பின்னாலை ஒருத்தன் நிக்கிறது வழக்கம். பின்னேர வெயில் நேரை கண்ணுக்குள்ளை அடிக்கும், காத்தும் சுத்தும். பின்னாலை நிக்கிறவன்தான் "இடம்", "வலம்", "பிடி", "விடு" எண்டு குரல் குடுக்கிறவன். உனக்கு அந்தக் குரல் நான். அண்டைக்கு வந்த பந்து கம்பத்துக்கு ரண்டு முழம் வெளியிலை போச்சுது. நான் "விடு மச்சான், வெளியிலை!" எண்டு கத்தினன். நீ தூக்கின கையை இறக்கினாய். காத்து பந்தை உள்ளுக்குத் திருப்பிச்சுது, கோல். காலமை அந்தப் பந்துக்குக் காத்தடிச்சதும் நான்தான். இறுதியாட்டமெண்ட சந்தோசப் புளுகத்திலை கல்லுமாதிரி அடிச்சுப்போட்டன். அப்பிடி அடிச்ச பந்து காத்துக்கு மிதக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?

நீ திரும்பிப் பார்க்கேல்லை. அடுத்த நாள் வழமைபோலக் கடைக்கு வந்து பலகையிலை குந்தினாய். அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. பேந்து இந்த நாட்டுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜிலை ஒரே அறையிலை இருந்து, ஒரே ஆஸ்பத்திரிக் குசினியிலை கோப்பை கழுவினம். அப்பவும் இல்லை. நான் என்ன நினைச்சன் தெரியுமே? சனத்தின்ரை கூச்சலிலை என்ரை குரல் உனக்குக் கேட்டிருக்காது, நீயாய்த்தான் விட்டனி எண்டு. அப்பிடி நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் படுத்து நித்திரை கொண்டனான்.

புதன்கிழமை லாசாலுக்கு, உன்ரை வீட்டுக்குப் போனன். உன்ரை மனிசி புவனம் கதவைத் திறந்தாள். உன்ரை சப்பாத்து இன்னும் வாசலிலை இருக்கு. தேத்தண்ணி வைச்சாள், இருந்தம்.

"தங்கச்சி, உனக்கு ஒரு விசயம் சொல்லோணும்."

"அந்தக் கோலோ அண்ணை?"

நான் கோப்பையைக் கீழை வைச்சன்.

"கலியாணம் முடிச்ச கிழமையே சொன்னவர். 'அவன் விடு எண்டான், நான் விட்டன்' எண்டு."

"ஒருத்தருக்கும் ஏன் சொல்லேல்லையாம்?"

"நானும் கேட்டனான். 'நான் கல்லூரிக்காரன், ரண்டு நாள் ஏசிப்போட்டு விட்டிடுவாங்கள். அவன் சைக்கிள் கடைக்காரன். அவனைப் பிறகு மைதானத்துக்குள்ளை விடமாட்டாங்கள்' எண்டவர்."

தேத்தண்ணி ஆறிப்போச்சு. அவள் எழும்பி யன்னலடிக்குப் போனாள். அங்கை நிண்டுதான் மற்றதைச் சொன்னாள்.

"ஆனா அண்ணை, நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தவர். ஆஸ்பத்திரியிலை கடைசிக் கிழமை நீங்கள் வந்திட்டுப் போனாப் பிறகு, 'இண்டைக்கும் சொல்லேல்லை' எண்டு சிரிச்சவர்."

அண்டைக்கு உன்ரை கட்டிலடியிலை ரண்டு மணித்தியாலம் இருந்தனான். பிரேசிலைப் பற்றிக் கதைச்சனான். உனக்குத் தோடம்பழம் உரிச்சுத் தந்தனான். நீ ஏன் கேக்கேல்லை? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனோ? எனக்கு விளங்கேல்லை மச்சான்.

வெளிக்கிடேக்கை புவனத்தைக் கேட்டன், சங்கத்திலை சொல்லட்டோ எண்டு. "எனக்குக் கிண்ணம் ஒண்டும் வேண்டாம்," எண்டாள். "உங்கடை விருப்பம்." கதவைச் சாத்தேக்கை அவள் என்னைப் பார்க்கேல்லை.

வாற ஞாயிறு வாக்கெடுக்க முந்தி நான் எழும்புவன். மலர் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டன். யோகேஸின்ரை முகத்தைப் பார்த்து, என்ரை வாயாலை சொல்லுவன். அவை உன்ரை பேரை வைக்கலாம், வைக்காமல் விடலாம். இனி அந்த மண்டபத்துக்கு வராதை எண்டும் எனக்குச் சொல்லலாம். படியாலை இறங்க எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லவேண்டியதை உன்ரை கட்டிலடியிலை சொல்லாமல் விட்டிட்டன், இனி அதை உனக்குச் சொல்லமுடியாது. அவைக்குச் சொல்லுறன். இது சத்தியம்.

உன்னைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கவைச்ச உன்ரை மச்சான்,
பொன்னுத்துரை