பொம்மசந்திராவுக்குப் போகாத நாள்

வியாழன், இரவு

ரேவதி இன்னும் அறைக்குத் திரும்பவில்லை. அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரிக் குழு செய்த சிறிய செயற்கைக்கோளை இன்று ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில், ராக்கெட்டின் அதிர்வைத் தாங்குமா என்று குலுக்கிச் சோதித்தார்கள். அதன் ரேடியோ முழுக்க என் வேலை. காலையில் நான் கிளம்பி நின்றபோது, அதே குழுவில் இருக்கும் ரேவதி வாசலில் மறித்தாள்.

"ஃபாரினர்ஸை உள்ள விடமாட்டாங்களாம்டி. சாரே சொன்னாரு. நீ டென்ஷன் ஆகாம ரெஸ்ட் எடு."

நம்பினேன். பயிற்சி கேட்டுப் போன இடமெல்லாம் என் இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் கைவிரித்திருக்கிறார்கள். இது மட்டும் ஏன் வேறாக இருக்கப்போகிறது? ஆனால் என்றுமில்லாமல் எனக்கு இட்லி வாங்கி வைத்திருந்தாள். அதுதான் உறுத்தியது. ரேடியோவை எப்படி இயக்குவது என்று நேற்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டதும் நினைவுக்கு வந்தது.

மாலையில் அவளே போன் செய்தாள். குலுக்கிய பிறகு ரேடியோ வேலை செய்யவில்லையாம். பற்றரி வயரைக் கழற்றிச் செருகி, பச்சை விளக்கு எரியும்வரை பொறுக்கச் சொன்னேன். எரிந்தது. அந்தப் பக்கம் கைதட்டினார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். நடுவே எங்கள் பேராசிரியர் சாரின் குரல் கேட்டது.

"காய்ச்சல் எப்படிம்மா இருக்கு? உங்க பேரையும் கேட்ல குடுத்து வெச்சிருந்தேன். நாளைக்காவது வர முடியுமா?"

எனக்கு எந்தக் காய்ச்சலும் இல்லை.

"விட்டிட்டுது சேர். நாளைக்கு வாறன்" என்றேன்.

ரேவதி போனை வைத்துவிட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம். அவள்தான். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் நடிக்கப்போவதில்லை.