உன் அம்மா அர்த்தம் கேட்ட சொல்

உன் அம்மா நேற்று ஆஸ்பத்திரித் தாளை என்னிடம் நீட்டினார். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. "நீயும் அவளும் வார்த்தைப் பைத்தியமாச்சே, இது என்னன்னு பார்த்துச் சொல்லு கண்ணு." விரல் வைத்த இடத்தில் 'ஸ்ட்ரைடர்' என்றிருந்தது.

பார்த்தேன். தொண்டை அடைபடும்போது மூச்சோடு வரும் கரடுமுரடான ஓசை. லத்தீன் சொல். கதவு கிறீச்சிடுவதற்கும் லத்தீனில் இதே சொல்தானாம். நம் எழுத்துக்கூட்டல் போட்டிப் பட்டியலில் இது இல்லை.

உங்கள் சைனிக்புரி வீட்டு மொட்டைமாடியில் நான் சொல் கேட்பேன், நீ எழுத்துக்கூட்டுவாய். எந்த மொழிச் சொல் என்று தெரிய வேண்டுமானால், வாயைத் திறக்காமல் என் முழங்காலில் இரண்டு தட்டு. நான் பெரும்பாலும் புளுகுவேன். பிஸ்கட் என்பது பாரசீக அரசி ஒருத்தியின் பெயர் என்றதை மூன்று நாள் நம்பினாயே! விடை தெரியாவிட்டால் நீயும் லேசுப்பட்டவள் இல்லை. தொண்டையில் விதவிதமாக ஓசை எழுப்பி நேரம் கடத்துவாய்.

அன்று குளவி உன் கழுத்தில் கொட்டியது. "கீழ போயிடலாமா டீ?" என்றேன்.

"நக்கோ, வேணாம். அடுத்தது கேளு."

கேட்டேன். விடை வரவில்லை. கிறீச்சென்று ஓர் ஓசை வந்தது. என் முழங்காலில் இரண்டு தட்டு. பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஆரம்பித்தேன்: "கிரேக்கச் சொல், அம்மணி! ஏதென்ஸ்ல ஒரு ஆட்டுக்கு ஜலதோஷம் பிடிச்சுது..." மறுபடியும் தட்டினாய், வேகமாக. "ஹவ், ஹவ், சரி, இரு டீ, கதை முடியல!"

முடித்துவிட்டு, சிரிப்பாய் என்றுதான் உன் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலமாகியிருந்தது.

நான் கத்திக்கொண்டு படியிறங்கியதிலிருந்துதான் உன் அம்மாவுக்குத் தெரியும். "உடனே ஓடி வந்தியே கண்ணு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். தட்டில் இட்லி வைக்கிறார். நானும் தின்றுவிட்டு வருகிறேன்.

இன்று மாலை தாளைத் திருப்பிக் கொடுத்து அர்த்தம் சொன்னேன்.

"அந்தச் சத்தத்தை நீ கேட்டியா?"

"கேட்டேன் ஆன்ட்டி. அவ விளையாடறான்னு நினைச்சேன். உடனே வரல."

கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம்?"

"ஒரு கதை சொல்ற நேரம்."

நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "சொல்லு. அவ கடைசியா கேட்ட கதையை, அப்படியே."

ஆட்டில் ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீ மறுபடியும் தட்டிய இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"முடி" என்றார்.