புவர் என்றால் ஏழை இல்லை

அக்கா,

இன்று காலை துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது தொட்டி ஓரத்தில் கோரை தலைநீட்டியிருந்தது. போன வாரம்தான் கிள்ளி எறிந்தேன். குனிந்து இழுத்தேன், புல் மட்டும் கையோடு வந்தது. அறுந்த இடத்திலிருந்து அந்த வாசனை. வேலை முடிந்து வந்து நீ கழற்றிப் போடும் நீலச் சட்டையில் இருக்குமே, அதே வாசனை. பூஜைக்கு நேரமாவதை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிலத்தைக் கொடுத்தபின் நம் வீட்டிலிருந்து ஒரகடம் கம்பெனிக்குப் போன முதல் ஆள் நீதான். நம் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நீ தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாய். கம்பெனிப் புல்தரையில் கோரை பிடுங்க வேண்டும். "வயல்ல புடுங்கனதையே அங்க போய் புடுங்கறேன். அதே கோரைதான், சம்பளம்தான் புதுசு" என்பாய். கம்பெனி வேனில் வரும் பெண்கள் உன்னை 'ஒரகடத்து ஓரகத்தி' என்று கிண்டல் செய்வார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு பெண்கள் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் இருப்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை.

மார்பில் கட்டி என்பதை முதலில் என்னிடம்தான் சொன்னாய். சென்னை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்ததும், வெட்டியெடுத்ததில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டார்கள். "வேணாம்னு வெட்னதுதானே, வச்சிக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டாய். உனக்குச் சரியாகிவிட்டால் துளசி மாலை சாத்துவதாக நான் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். நீ என்னிடம் வேறொன்று கேட்டாய். "ஆம்பளைங்க எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் சொல்லுவாங்க. நீ கணக்குல ஒரு ரூபாய வுடமாட்ட. அங்க இன்னா சொன்னாலும் கொறைக்காம எங்கிட்ட சொல்லிடு." சொல்கிறேன் என்றேன்.

சில மாதம் கழித்துத் திரும்பப் போனோம். நம் எதிரிலேயே இரண்டு டாக்டர்கள் உன் சீட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அத்தனை பேச்சில் நம் இருவர் காதிலும் விழுந்தது ஒரே சொல்: புவர். ஒருவர் எழுந்து போக, மற்றவர், ஒரு பெண், ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நானாகப் படித்தது. அதில் புவர் மேன் என்றால் ஏழை. உன் காதோரம் குனிந்து, நாம் ஏழை என்று பேசிக்கொள்கிறார்கள், ஏதாவது சலுகை தருவார்கள் போலிருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீ சிரிக்கவில்லை. "எங்க கம்பெனில புவர்னா ஏழை இல்லடி. லான்ல கோரை நின்னுக்கினு இருந்தா, பாக்க வர்றவங்க போர்டுல சேப்பு மையில எழுதிட்டுப் போவாங்க. அதான் புவர். இன்னான்னு கேளு."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

அந்தப் பெண் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு உன் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கட்டியில் சில செல்கள் தாய் மாதிரி, மருந்துக்குத் தப்பி ஒளிந்திருந்து மறுபடி புதிதாக உண்டாக்கும் என்றார். அதற்கு ஸ்டெம் செல் என்று பெயராம். அவற்றை முடுக்கும் ஜீன்கள் ஆராய்ச்சிக்குத் தந்த உன் துணுக்கில் மிகுதியாக வேலை செய்கின்றனவாம். நோயின் போக்கு நன்றாக இல்லை என்பதைத்தான் புவர் என்றார்களாம்.

"கோரைக் கெழங்கு" என்றாய் நீ. அது என்ன என்று அவர் கேட்டார். மேலே பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்து மறுபடி முளைக்கும் என்று சொன்னாய். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

"அப்ப திரும்ப வருமா?"

"உங்கள மாதிரி இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு வந்திருக்கும்மா. உங்களுக்கு வருமான்னு இத மட்டும் வச்சு என்னால சொல்ல முடியாது."

மாதக் கணக்கைப் பார்த்து நாளைய செலவைச் சொல்ல முடியாதே, அதுபோல என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதும் உடைந்து அழுதுவிட்டேன். நீதான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாய். "போர்டுல புவர்னு எழுதினா கம்பெனிய மூடிட்டா போறாங்க? மறுநாள் மறுபடி புடுங்குவோம். அழாத" என்றாய். தெம்பு வந்ததும் மறுபடி வேன் ஏறினாய்.

இரண்டு தீபாவளி பார்த்தாய். அதன்பின் நுரையீரலில் முளைத்தது. டாக்டர் ஆம்பளைகளை மட்டும் அழைத்துச் சொன்னதை நானும் கதவோரம் நின்று கேட்டேன். இனி மருந்து கேட்காதாம். எல்லாம் சரியாகிவிடும் என்று உன் வீட்டுக்காரர் உன்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். நீ என்னைப் பார்த்தாய். நான் கட்டிலில் உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். நீ என் கையைப் பிடித்து, "கணக்கு சரியாக்கீது" என்றாய்.

நீ போனபின் பெருமாளுக்கு மாலையைச் சாத்திவிட்டேன் அக்கா. வேண்டியது நடக்கவில்லைதான். அந்த இரண்டு தீபாவளிக்காகச் சாத்தினேன்.

இப்போது தெருவில் யாராவது ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து அர்த்தம் கேட்டால், எனக்குத் தெரிந்த அர்த்தத்தைச் சொல்வதில்லை. வா, போய்க் கேட்கலாம் என்று கூடப் போகிறேன். அவர்கள் என்ன சொன்னாலும் குறைப்பதில்லை.

காலையில் துளசியை மண்ணோடு பெயர்த்து, வேருக்குள் விரல் விட்டுத் தேடினேன். கறுப்புக் கறுப்பாக, நூலில் கோத்தது போல் வந்தன கிழங்குகள். எல்லாம் வந்துவிட்டதா என்று தெரியவில்லை. துளசியைத் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றி, விளக்கேற்றினேன்.