எயினியை அனுப்பியது யார்?

என் அன்பு மச்சாள் கௌரிக்கு,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தா என்று என் அண்ணை, உன் புருசன், கேட்டார். மற்றவர்கள் உன்னைக் குலவிளக்கு என்றும் குணக்குன்று என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீ விளக்கும் இல்லை, குன்றும் இல்லை. மஃபின் பேக்கரியில் வேலை முடித்து, மயிரில் மா ஒட்டியபடி வீட்டுக்கு வந்து, பழங்காலத்துக் கொலைகாரி ஒருத்தியைப் பற்றி நாடகம் எழுதிய மனுசி நீ. அதை எழுத எல்லோருக்கும் பயம். அதனால் நான் எழுதுகிறேன்.

இதைக் கையில் எடுத்தவர்கள் இப்போதே தேடத் தொடங்கியிருப்பார்கள், இவள் யாரைக் குத்துகிறாள் என்று. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சந்தேக வருத்தம் இருக்கிறது. ரொறன்ரோவுக்கு வந்து குளிருக்குப் பழகினாலும் அது மட்டும் மாறுவதாய் இல்லை. எனக்கும் இருக்கிறது, நீ சொல்லுவாய்தானே, "எடி சாந்தி, நீ தபால்காரனையும் சந்தேகப்படுறவள்" என்று.

உன் நாடகத்தில் நீ எனக்கு ஆடத் தந்த எயினி கொலைகாரிதான், ஆனால் அவள் வாழ்ந்தது மூவேந்தர் காலத்தில். ஊர் ஊராய்ப் போய் ஆடிப் பாடும் விறலி. அவளுடைய யாழுக்குள் ஒரு கத்தியை ஒளித்து வைத்து, பக்கத்து நாட்டு அரசனைக் கொல்லச் சொல்லி அனுப்புகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதில் யாருக்கு என்ன வந்தது?

முதலில் வந்தது மீசைக்கு. அரசனாக நடித்த சிவம் மீசை ஒட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்த அன்று, நாடகத்துக்கு ஹோல் ஒழுங்கு செய்து தந்த குணம் அண்ணை என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உந்த மீசையை எடுக்கச் சொல்லும். ஆக்கள் கதைக்கினம்."

"என்னெண்டு கதைக்கினம்?"

"ஆரோ ஒராளை நினைச்சு வைச்ச மீசையாம்."

எடுத்தோம். அடுத்த கிழமை திரும்ப வந்தார். மீசை இல்லாத அரசன் இன்னொருவரைப் போல இருக்கிறானாம், இப்போது மற்றப் பக்கத்து ஆக்கள் கதைக்கிறார்களாம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போதே உனக்கு மூச்சு வாங்கியது. நான்தான் அதைச் சிரிப்பு என்று நினைத்துவிட்டேன்.

அந்த "ஆக்கள்" யார் என்று குணம் அண்ணை ஒருநாளும் சொன்னதில்லை. ஒத்திகை நடந்தது மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து பார்ட்டி ரூமில். வெளி ஆட்கள் வருவதில்லை. அப்படியென்றால் மீசைக் கதை எப்படி வெளியே போனது? நான் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். மிஞ்சியது பச்சைக் கோட் அன்ரி.

உனக்கு நினைவிருக்கும். பத்தாம் மாடியில் தனியாக இருப்பவர். யாரும் கூப்பிடாமலே ஒவ்வொரு ஒத்திகைக்கும் வருவார். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருப்பார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்குவார், கதை கொடுத்தால் வாங்கமாட்டார். "உவவை இனி உள்ளுக்கு விடக்கூடாது" என்று நான் சொன்னபோது நீதான் தடுத்தாய். "பாவம், வீட்டிலை தனிய. இருந்திட்டுப் போகட்டும்" என்றாய். உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, மச்சாள்? தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லையா?

பிறகு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். முடிவை எங்கள் யாருக்கும் அதுவரை சொல்லாமலே வைத்திருந்தாய். அங்கேதான் என்னிடமும் சிவத்திடமும் சொன்னாய். எயினி அரசனைக் கொன்றுவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பி வருகிறாள். கோட்டைக் கதவு திறக்கவில்லை. இப்படி ஒருத்தியை நாங்கள் அனுப்பவில்லை என்கிறான் காவலன். அவள் சபையைப் பார்த்துத் திரும்பி ஒரு கேள்வி கேட்கிறாள்: "என்னை அனுப்பியவர் யார்? எழுந்து நில்லுங்கள்."

"கேட்டிட்டு அசையாமல் நில்லு. லைற்றை நிப்பாட்ட விடாதை" என்றாய்.

"எவ்வளவு நேரம்?"

"நிக்க ஏலுமட்டும்."

"உண்மையைச் சொல்லு, ஆரை நினைச்சு எழுதினனீ?"

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். களைப்பா, மழுப்பலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீ போய்விட்டாய். செத்தவீட்டில் எல்லோரும் அழுதார்கள், குணம் அண்ணையும் அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டு என்னை ஒதுக்குப்புறமாய்க் கூட்டிப்போய், "செத்தவீட்டுத் துடக்கோடை மேடை ஏறக்கூடாது, தங்கச்சி. வேறை ஒரு பிள்ளை இருக்கு, கெட்டிக்காரி. அந்தக் கடைசிக் கேள்வியையும் எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்றார்.

கடைசிக் கேள்வி அவருக்கு எப்படித் தெரியும்? தன் பெரியப்பா செத்த துடக்கு முடிய முன்னமே பிக்கரிங்கில் புது வீடு குடிபுகுந்தவர் அவர். அன்றைக்குப் பால் காய்ச்சும்போது துடக்கு எங்கே போயிருந்தது? கேட்க வாய் உன்னியது. நீ பெட்டிக்குள் கிடக்கிறாய் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் என் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து உன் எயினியின் யாழுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தார். பழைய ஹொக்கி மட்டையை வளைத்து, மீன்பிடி நைலோன் போட்டு, நீ சொன்னபடியே செய்திருந்தார். தலை நிமிராமலே, "அவள் எழுதினது. அவளின்ரை துடக்கிலை ஆடாமல் வேறை எப்ப ஆடப்போறாய்?" என்றார். அவர் நன்றாக இருக்கிறார் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் ஆடினேன். பனி கொட்டியும் சனம் நிறைந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் பாதி, பிழை பிடிக்க வந்தவர்கள் பாதி. மீசை விவகாரத்தில் களைத்துப்போன சிவம் மூன்றாம் காட்சியில் செத்த பிறகுதான் சந்தோசமாக இருந்தான். கோட்டைக் கதவு சாத்தியது. நான் திரும்பி நின்று, உன் கேள்வியைக் கேட்டேன்.

எங்கள் சனத்தை உனக்குத் தெரியும். கடைசி வசனத்துக்கு முன்னமே கார்த் திறப்பைக் கையில் எடுத்து, கோட்டைப் போட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு எழும்புகிறவர்கள். அன்றைக்கு ஒருவரும் எழும்பவில்லை. எழும்பினால் தான்தான் அனுப்பியதாக ஆகிவிடுமே! பாதி எழும்பியிருந்த குணம் அண்ணை பொத்தென்று திரும்ப இருந்தார். ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்தார்கள். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகக்கூடத் தாய்க்குத் துணிவு வரவில்லை. நீ இதைத்தான் நினைத்தாயா? லைற்றை நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டலாமா என்று யோசித்தேன்.

அப்போது பின்வரிசையில் பச்சைக் கோட் அன்ரி எழும்பினார்.

நின்றார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முழு ஹோலும் திரும்பிப் பார்த்தது. பிறகுதான் யாரோ கை தட்ட, லைற் அணைந்தது.

என் சந்தேகப் புத்தி உனக்குத் தெரியும்தானே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எழும்பினாரா, இல்லையென்றால் யாருக்காவது சைகையா என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. விறலி உடுப்போடு, கழுத்தில் பாசிமணியோடு வெளிவாசலுக்கு ஓடினேன். அவர் கண்ணாடிக் கதவுக்குள் நின்று பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, ஏன் எழும்பினனீங்கள்?"

"நீர் கேட்டனீர்தானே, பிள்ளை."

"அது நாடகம், அன்ரி."

"ஓம், தெரியும்." கையுறையைக் கழற்றி மறுபடி போட்டார். "ஊரிலை, சண்டை நேரம், என்ரை மகள் விடியப்புறம் வெளிக்கிட்டவள். எங்கை போறாய் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். புட்டுப் பார்சல் கட்டிக் குடுத்தனான். வாசல் படலை வரைக்கும் போய் விட்டிட்டு வந்தனான். பிறகு ஆக்கள் வந்து, 'உங்கடை மகள் தானாத்தான் வந்தவ' எண்டிச்சினம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம். ஒருத்தரும் அனுப்பேல்லையாம்."

"இப்ப எங்கை, அன்ரி?"

"ஒரு சேதியும் இல்லை."

பஸ் வந்தது. படியில் ஏறியவர் திரும்பி, "உந்தக் கேள்வியை மாத்திப்போடாதையும்" என்றார். நான் வாசலில் நின்று அழுதேன், மச்சாள். உனக்காக அழுதேனா, அந்தப் பிள்ளைக்காகவா, தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று அன்ரியிடம் போய்க் கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். போட்டது போட்டபடி, பெயரில்லாமல் எழுதிவிட்டேன். குணம் அண்ணைக்குக் கேள்வியைச் சொன்னது யார் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சிவத்தின்மேல் எனக்கு ஒரு கண் இருக்கிறது. இந்த மலரைக் கையில் எடுத்ததும் அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கப்போகிறேன்.

மொன்றியலில் இருந்தும் நாடகத்தை வந்து போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேள்வி இல்லாமல் என்றால் ஹோல் இலவசமாம். கேள்வியோடுதான் வருவோம், ஹோலுக்கு நாங்களே காசு கட்டுவோம் என்று என் அண்ணை சொல்லிவிட்டார்.

ஆனால் ஒன்றை மட்டும் மாற்றப்போகிறேன், கோபிக்காதே. கேள்வியைக் கேட்டபின் மேடையில் நிற்கமாட்டேன். இறங்கிப் போவேன். எந்த ஊரில், எந்த வரிசையில் எந்தத் தாய் எழும்பினாலும் அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அவள் பிள்ளையை வழியனுப்பப் போய்வந்த படலைக்கு நாங்கள் எல்லோரும்தான் போய்வந்தோம். இனி அவளைத் தனியே நிற்க விடமாட்டேன், இது சத்தியம்.

உன்னை அண்ணைக்குக் கட்டிவைத்த, உன்னிடம் இன்னும் கேட்க நிறைய வைத்திருக்கிற,
உன் மச்சாள்
சாந்தி