என் படம் தொங்கிய பை

மார்ச் 4
இந்த வாரம் எண்பது துணிப்பை. முதுகு விட்டுப்போச்சு. பைகளை எடுக்க வரும் கடை வண்டி ரிப்பேராம். நாளை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5
எழுதியே ஆகணும்.

எங்கள் பைகளை விற்கும் கடைக்குள் இன்றுதான் முதல்முறை நுழைந்தேன். ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் என் முகம்! அடையாள அட்டைக்கு என்று சொல்லி எடுத்த படம். கீழே, ‘நியாய வணிகம். இவருக்கு நியாயமான கூலி கிடைக்கிறது.’

யாருக்குக் கிடைக்குது? எனக்கா? அந்த ஒரு பையை வாங்க நான் பதினோரு பை தைக்கணும்.

முதலாளியிடம் கேட்டேன். சிரிக்கிறான். “உன் முகராசிதாம்மா வியாபாரமே!”

முகராசியாம். செருப்பால— அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 6
என் வீட்டுக்காரர்: “வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?”

மாட்டேன்.

மார்ச் 9
வேலை போய்விட்டது. கேள்வி கேட்டதற்குக் கூலி. என் பங்குத் துணியை நாத்தனார் வாங்கிக்கொண்டாள். அடுத்த வீடு. அவள் மெஷின் சத்தம் சுவரைத் துளைக்கிறது. கூடப் பழகின பாவத்துக்கு ஒரு வார்த்தை கேட்டாளா?

மார்ச் 14
பக்கத்துப் பள்ளிக்கூடம் அந்தக் கடையில் நானூறு பை வாங்கப்போகிறதாம். நேரே தலைமை ஆசிரியையிடம் போய் அட்டையை மேசைமேல் வைத்தேன். “இது நான்தான் டீச்சர். எழுதியிருக்கிறது பொய்.”

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, நியாயமான கூலின்னா உங்களுக்கு எவ்வளவு?”

பதில் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத் தையலில் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மார்ச் 17
தெருவில் தைக்கிற ஐந்து பேர் கூடினோம். கடிகாரத்தைப் பார்த்துத் தைத்தோம். பைக்கு நாற்பது நிமிஷம். அதை வைத்து விலை சொன்னோம். கடை விலையைவிடக் குறைவுதானாம்! பள்ளிக்கூடம் ஆர்டரை எங்களுக்கே கொடுத்துவிட்டது.

மார்ச் 29
நாத்தனார் வந்து நின்றாள். “அண்ணி, என்னையும் சேத்துக்கங்க.” “பிசிறு நூலை வெட்டு, போதும்” என்றேன்.

ஏப்ரல் 20
கூலி பிரித்தேன். நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “எனக்கு மட்டும் ஏன் பாதி? நானும் காலைலேர்ந்து சாயந்திரம்வரைக்கும்தான உக்காந்தேன்?”

“கிடைச்சதே பெரிசுன்னு போ.” சொன்னது நான்தான்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைத்தாள்.

பணத்தை மறுபடி நடுவில் கொட்டினேன். ஆறு சம பங்கு.

நாத்தனார் தன் பங்கை எண்ணிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டாள். எண்ணட்டும்.