இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு பேப்பர்

ஜூலை 9, வியாழன். இரவு.

ராணி செத்துப்போன தேனீப் பெட்டியை நேற்று மொட்டைமாடியில் இன்னொரு பெட்டியின் மேல் ஏற்றி, நடுவில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தேன். தேனீக்கள் அதைக் கடித்துத் துளைக்க இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் இரு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும். வாசனை வேறாக இருந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

உள்ளே காற்று போகாது என்று இவர் இன்று காலை தாளை உருவிவிட்டாராம். மாலையில் லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வந்து பார்த்தால் பெட்டியடியில் செத்த தேனீக்கள். பெருக்கி அள்ளினேன்.

"எல்லாம் தேனீதானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கும்னு நெனச்சேன்" என்றார். 'கொஞ்சம்' என்பதற்கு இந்த ஊர்க் கன்னடம்.

சாப்பிடும்போதும் அதே அவசரம்தான். நிஷா அவருடைய முதல் மனைவியின் மகள். நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. "இன்னும் என்ன ஆன்ட்டி? அம்மான்னு கூப்பிடு" என்று அவளை அதட்டினார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க. இந்தப் பேப்பரையாவது உருவாம இருங்க" என்றேன். அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை.

எது வேண்டுமென்றாலும் நிஷா அப்பாவிடம்தான் கேட்பாள். இன்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆன்ட்டி, ரசம்."

ஊற்றினேன்.